சுத்துற தண்ணிக்கு உயரம் இல்லை

எங்கட கொம்பியூட்டருக்கு நாலு சொந்தக்காரர். மூன்று பெடியள், ஒரு பெட்டை. ஒருத்தி சீட்டு எடுத்த காசு, ஒருத்தன் ரியூசன் சொல்லிக்குடுத்துச் சேர்த்த காசு, ஒருத்தனுக்குத் தமையன் பிரான்சில இருந்து அனுப்பினது, மற்றவனுடையது சுத்தக் கடன். எல்லாத்தையும் ஒண்டாப் போட்டுத்தான் வாங்கினோம். அதுக்குள்ள இருக்கிற பெறுமதியான சாமான் ஒரு கிராபிக்ஸ் கார்ட், ஆர்.ரி.எக்ஸ் 3080. புதிசு இல்லை. 2022 செப்ரெம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றி, கார்ட் வைத்து மைனிங் செய்கிற வேலையை நிறுத்திவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிக் களைத்த கார்ட்டுகள் உலகம் முழுக்கப் பழைய சாமானாகச் சந்தைக்கு வந்தன. அதில ஒண்டு கை மாறிக் கை மாறி, கொழும்பு வழியாகக் கொக்குவிலுக்கு வந்து சேர்ந்தது.

அறை ஒரு வீட்டின் மேல்மாடி. மேலே சீற். சித்திரை மாதத்துப் பின்னேரங்களில் உள்ளே போனால் முகத்தில் அடிக்கிற வெக்கையை விளங்கப்படுத்தத் தேவையில்லை, யாழ்ப்பாணத்தில் சீற்றுக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தெரியும். இந்த அறையில் இருந்துதான் கலியாண வீடியோ, சாமத்தியவீட்டு வீடியோ, கடை விளம்பரம் எல்லாம் செய்து குடுக்கிறோம். மிச்ச நேரத்தில் பிளெண்டரில் எங்களுக்கெண்டு ஒரு ஒன்பது நிமிட அனிமேஷன் படம். அந்தப் படத்தின் ஒரு பிரேம் இரவில் நாலு நிமிடத்தில் முடியும். பகல் இரண்டு மணிக்கு ஏழு நிமிடம் எடுக்கும். கார்ட்டின் விசிறிகள் ஹெலி இறங்கிறமாதிரிக் கத்தும், வேலை மட்டும் நடக்காது.

வெப்பநிலையைப் பார்த்தால் 78 பாகை. பயப்பட ஒண்டுமில்லை எண்டுதான் நினைச்சோம். பிறகுதான் எங்களில ஒருத்தி கீழே இன்னொரு வரி இருக்கிறதைக் காட்டினாள்: மெமரி, 110. இந்தக் கார்ட்டில் இருக்கிற ஜி.டி.டி.ஆர்6எக்ஸ் மெமரி சரியான சூடு பிடிக்கிற சாதி. 110 பாகையைத் தொட்டால் கார்ட் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். களைச்சது மெமரி, நாங்கள் பார்த்துக்கொண்டு இருந்தது நடுவில இருக்கிற சிப்பை.

இதை வாசிக்கிற ஆருக்காவது இதே பிரச்சினை எண்டால் இந்த இடத்திலேயே ஒரு சொல். முதலில் கார்ட்டைக் கழற்றி, மெமரிக்கும் ஹீற்சிங்குக்கும் இடையில் இருக்கிற தேர்மல் பாட்டை மாற்றிப் பாருங்கோ. மைனிங்கில் கிடந்த கார்ட்டில் அது காய்ந்து, எண்ணெய் கசிந்து, பழைய ரொட்டி மாதிரி இருக்கும். நாங்கள் இதைச் செய்தது ஒரு வருசம் பிந்தி. செய்தபோது 110 எண்டது 98 ஆனது. பலருக்கு அதுவே காணும். எங்களுக்கு அதற்கிடையில் தண்ணிப் பைத்தியம் பிடிச்சிட்டுது.

சும்மா சொல்லக்கூடாது, யூரியூப்பில் பார்த்தால் ஆருக்கும் பிடிக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் நீலத் தண்ணி சத்தமில்லாமல் ஓடுது. ஆனால் விலை எல்லாம் டொலரில். 2022 மார்ச்சுக்கு முதல் 200 ரூபாயாக இருந்த டொலர், நாங்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கினபோது 300 ரூபாய். ஆகவே கெட்டித்தனமாகச் செய்வோம் எண்டு நினைச்சோம். 2000 ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கின வெளிநாட்டுப் பெடியள் வீட்டு மீன்தொட்டிப் பம்பையும், கார் ஹீற்றரின் றேடியேற்றரையும் கழற்றித்தான் கொம்பியூட்டரைக் குளிராக்கினவை. ஜேர்மனியின் ஐஹைம் மீன்தொட்டிப் பம்ப் அந்தக் காலத்தில் அவையளுக்குள் பேர்போனது. அவை செய்தால் நாங்கள் ஏன் செய்யேலாது?

2024 ஒக்ரோபரில் மீன் கடையில் ஒரு பம்ப் வாங்கினோம். சிபியுக்கு ஒரு செம்பு வோட்டர் பிளொக், கார்ட்டுக்கு எந்தக் கார்ட்டிலும் பூட்டலாம் எண்டு போட்டிருந்த ஒரு சின்னப் பிளொக், மலிவில் வந்த ஒரு றேடியேற்றர், கொஞ்சம் ரியூப். ஐஸ்கிறீம் பெட்டி ஒண்டு டாங்கி. பெட்டியில் 'மணித்தியாலத்துக்கு 800 லீற்றர்' எண்டு எழுதியிருந்தது. எண்ணூறு! கொம்பியூட்டர் பெட்டி அரை மீற்றர் உயரம்கூட இல்லை. இந்தப் பம்ப் தாராளம் எண்டு சிரிச்சுக்கொண்டோம்.

இதில நாங்கள் விட்ட பிழைகளை ஒண்டொண்டாச் சொல்லத்தான் வேணும், ஏனெண்டால் பம்பும் பிளொக்கும் எப்படித் தெரிவுசெய்கிறது எண்டு நாங்கள் படிச்சது முழுக்க இந்தப் பிழைகளில இருந்துதான்.

கார்ட்டின் பிளொக் நடுச் சிப்பை மட்டும்தான் மூடும். சூடு பிடிக்கிற மெமரியை அது தொடவே இல்லை. அதுவரை மெமரியைக் கொஞ்சமாவது காப்பாற்றிக்கொண்டிருந்த பழைய ஹீற்சிங்கையும் நாங்களே கழற்றிவிட்டோம். அதுக்குப் பதிலாக மெமரிச் சிப்புகளின் மேல் ஒட்டின சின்ன அலுமினியக் கட்டைகள் வெக்கைக்குப் பசை இளகி ஒண்டொண்டா விழத்தொடங்கின. நடுச் சிப் 60 பாகையில் சொகுசாக இருக்க, மெமரி முந்தினதை விட மோசம். காய்ச்சல் தலையில எண்டால் காலுக்கு ஒத்தடம் குடுத்த கதை.

மற்றப் பிழை தெரியவர நாலு மாதம் எடுத்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. ஒரு குரங்கால நாடு முழுக்கக் கரண்ட் போன நாள் எண்டு சொன்னால் எல்லாருக்கும் ஞாபகம் வரும். 2022 இல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினதைப் பார்த்த ஆக்கள் நாங்கள், ஆகவே கொம்பியூட்டருக்கு யு.பி.எஸ் இருந்தது. ஆனால் மீன்தொட்டிப் பம்ப் 230 வோல்ற். அதைச் சுவரில குத்தியிருந்தோம். கரண்ட் போச்சு. யு.பி.எஸ் 'பீப்' அடிச்சுக்கொண்டு கொம்பியூட்டரை ஓடவைச்சுது. பம்ப் நிண்டிட்டுது. ரெண்டர் போட்டுவிட்டு நாங்கள் கீழே கடையில பிளேன்ரி குடிச்சுக்கொண்டு, கரண்ட் எப்ப வரும் எண்டு கதைச்சுக்கொண்டு இருந்தோம்.

மேலே ஏறி வரேக்க கொம்பியூட்டர் தன்ர பாதுகாப்புக்குத் தானே நிண்டிருந்தது. ரியூப்பைத் தொட்டால் கொதிக்குது. வெக்கைக்கு இளகின ரியூப் ஒரு பிட்டிங்கில் கொஞ்சம் கழன்று, சொட்டுச் சொட்டாகக் கார்ட்டின் ஓரத்தால் இறங்கிக்கொண்டு இருந்தது. ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. நாலு பேரின் காசு அந்தச் சொட்டுக்குக் கீழே கிடந்தது. கார்ட்டைக் கழற்றி, துடைச்சு, இரண்டு நாள் பாணிப் பலகை மாதிரி வெயில் படாத காத்தில வைச்சு, சாமி கும்பிட்டுப் போட்டுப் பார்த்தோம். ஓடிச்சுது. இண்டைக்கும் ஓடுது. அது எங்கட கெட்டித்தனம் இல்லை.

தண்ணியை இறக்கினபோதுதான் கடைசிப் பிழையையும் கண்டோம். வந்தது தண்ணி இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு கூழ். மலிவு றேடியேற்றர் அலுமினியம், பிளொக் செம்பு. இரண்டு உலோகமும் ஒரே தண்ணிக்குள் தொடுப்பில் இருந்தால் அது ஒரு பற்றறி மாதிரி வேலை செய்யும், அலுமினியம் கரைஞ்சுகொண்டு போகும். அதோட நாங்கள் ஊற்றினது கிணத்துத் தண்ணி. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்குள்ளால ஊறி வருகிற தண்ணி கேத்திலுக்கு என்ன செய்யும் எண்டு அம்மாமாரைக் கேளுங்கோ. அதே வெள்ளைப் படிவு பிளொக்குக்குள்ளும்.

இந்தக் கட்டத்தில் தண்ணியே வேண்டாம் எண்டு விடுகிறதுதான் புத்தி. எங்களில இரண்டு பேர் அதைத்தான் சொன்னார்கள். அதோட இன்னொரு விசயமும் இருந்தது. எங்களில ஒருத்தன் செப்ரெம்பரில் படிக்க வெளிநாடு போக வெளிக்கிட்டிருந்தான். அவனுக்கு அவன்ர கால்பங்குக் காசு தேவை. கொம்பியூட்டரை அப்பிடியே வித்தால் பிரிச்சுக் குடுக்கலாம். திரும்பவும் பம்ப், பிளொக் எண்டு காசை இறக்கினால் அவன்ர பங்கும் தண்ணிக்குள்ள போகும். இதைப் பற்றி ஒருத்தரோட ஒருத்தர் முகம் குடுத்துக் கதைக்காமல் இரண்டு கிழமை போனது.

அவனேதான் ஒருநாள் பழைய பிளொக்கையும் மீன் பம்பையும் ஒரு பையில போட்டுக்கொண்டு, அவன் வீட்டுக் கிணத்து மோட்டரைத் திருத்துகிற ஐயாவின் கடைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனான். வைண்டிங் கட்டின செம்புக் கம்பியும் கழற்றிப் போட்ட பம்புகளும் நிறைஞ்ச ஒரு சின்னக் கொட்டில். ஐயா மீன் பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு.

"எவ்வளவு ஹெட்?"

"எண்ணூறு லீற்றர் ஐயா."

"தம்பி, நான் எவ்வளவு தண்ணி எண்டு கேக்கேல்லை. எவ்வளவு உயரத்துக்குத் தள்ளும்?"

பெட்டியில் 0.8 மீற்றர் எண்டு இருந்தது. எங்கட பெட்டி அரை மீற்றர்தானே எண்டோம்.

"உங்கட தண்ணி எங்க போய் விழுது?"

"ஒரு இடமும் விழேல்லை ஐயா. சுத்தித் திரும்பி வருது."

"அப்ப உயரம் எங்க இருந்து வந்தது? ஏறின தண்ணி மற்றப் பக்கத்தால இறங்குது, இறங்கிறது ஏறிறதை இழுக்கும். சுத்துற தண்ணிக்கு உயரம் இல்லை. அங்க பம்ப் சண்டை பிடிக்கிறது உயரத்தோட இல்லை, ஒடுக்கத்தோட. எத்தினை எல்போ? எவ்வளவு பைப்? அந்தச் சாமானைக் காட்டு பாப்பம்."

பிளொக்கைத் திறந்து குடுத்தோம். உள்ளே செம்பில் சீவின மெல்லிய தகடுகள் நிரைநிரையாக நிற்கும். இரண்டு தகட்டுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் காலோ அதற்கும் கொஞ்சம் கூடவோதான். தண்ணி நடுவால உள்ளே விழுந்து, இரண்டு பக்கமும் பிரிந்து, அந்த இடுக்குகளுக்குள்ளால ஓடி வெளியில் வரவேணும். ஐயா அதை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்த்தார்.

"இது வடியெல்லே பிள்ளை! உலகத்தில உள்ள குப்பை எல்லாம் இதிலதானே வந்து நிக்கும்."

அது வடிதான். பிளொக்கைப் பற்றி நாங்கள் வாசிச்ச எந்த விமர்சனமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. தகடு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்குச் சூட்டை இழுக்கும், அவ்வளவுக்குத் தண்ணியையும் மறிக்கும், அவ்வளவுக்குக் குப்பையையும் பிடிக்கும். ஆகவே பிளொக்கைத் தனியாகவும் பம்பைத் தனியாகவும் தெரிவுசெய்ய ஏலாது. ஒண்டு மறிக்கிறதை மற்றது தள்ளவேணும்.

ஐயா மேசையில் சோக்கால் ஒரு கோடு கீறினார். ஒரு முனை, பம்பின் வாயைப் பொத்தினால் எவ்வளவு தள்ளும் எண்டது. மற்ற முனை, ஒரு மறிப்பும் இல்லாமல் விட்டால் எவ்வளவு தண்ணி வரும் எண்டது. பெட்டியில் பெரிசாக எழுதுகிற இரண்டு எண்ணும் இந்த இரண்டு முனைகள்தான். பம்ப் ஒருநாளும் அந்த இரண்டு இடத்திலும் வேலை செய்யாது, நடுவில் எங்கேயோதான். எங்கே எண்டதை உங்கட பிளொக்கும் றேடியேற்றரும் பிட்டிங்கும் தீர்மானிக்கும். வீட்டுக்கு வந்து, திரும்பி வருகிற ரியூப்பை ஒரு லீற்றர் சோடாப் போத்தலுக்குள் பிடிச்சுப் பார்த்தோம். போத்தல் நிரம்ப ஒரு நிமிடம். மணித்தியாலத்துக்கு 60 லீற்றர். எண்ணூறு எங்கே, அறுபது எங்கே!

சரி, எவ்வளவு ஓடினால் காணும்? இதுக்கு ஓ.எல் விஞ்ஞானம் போதும். ஒரு கிலோ தண்ணியை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4186 ஜூல் வேணும். எங்கட கார்ட் 320 வாட், சிபியு ரைசன் 9 5900எக்ஸ் முழு வேலையில் 140 வாட் அளவு. மொத்தம் 460. நிமிடத்துக்கு ஒரு லீற்றர்தான் ஓடுது எண்டால், ஒரு சுற்றுக்குள் தண்ணி ஆறரைப் பாகை சூடாகும். பின்னுக்கு இருக்கிற பிளொக்குக்கு முன்னுக்கு இருக்கிறதின்ர சுடுதண்ணிதான் கிடைக்கும். இதே தண்ணி நிமிடத்துக்கு 3.8 லீற்றர் ஓடினால் வித்தியாசம் இரண்டு பாகைக்கும் குறைவு. இந்த 3.8 எண்டது ஒரு அமெரிக்கக் கலன், வழமையாகச் சொல்லுகிற இலக்கு. அதுக்கு மேலே இரண்டு மடங்கு ஓடவிட்டாலும் ஒண்டு இரண்டு பாகைதான் குறையும், சத்தம்தான் கூடும். சிபியு முதலா கார்ட் முதலா எண்டு ஆக்கள் சண்டை பிடிக்கிறதும் இந்தக் கணக்கோட முடிஞ்சுது. இரண்டு பாகைக்குள் எது முதல் வந்தால் என்ன.

பம்ப் எண்டு தேடினால் கடைசியில் இரண்டு பெயரில் வந்து நிற்பீர்கள், டி5, டி.டி.சி. இரண்டும் லைங் எண்ட ஜேர்மன் நிறுவனத்தின் வடிவமைப்பு, இப்போது சைலத்தின் கீழ் இருக்கிறது. பல பிராண்டுகள் தங்கட மூடியைப் போட்டு விற்றாலும் உள்ளே இருக்கிறது பெரும்பாலும் இவை, இல்லையெண்டால் இவற்றைப் பார்த்துச் செய்த நகல்கள். டி5 மறிப்பு இல்லாமல் மணித்தியாலத்துக்கு 1500 லீற்றர் வரை ஓட்டும், நாலு மீற்றர் அளவு தள்ளும். டி.டி.சி.யின் 18 வாட் வகை ஓட்டுகிறது குறைவு, 1000 லீற்றர் அளவு, ஆனால் தள்ளுகிறது ஐந்து மீற்றர் அளவு. ஐயாவின் கணக்குப்படி எங்களுக்கு டி.டி.சி. தானே சரி? இரண்டு பிளொக், இரண்டு றேடியேற்றர், நல்ல ஒடுக்கம். இரண்டு இரவு இதைப் பற்றியே கதைச்சோம்.

கடைசியில் டி5 எடுத்தோம். காரணம் வேகம் இல்லை. டி.டி.சி. சின்ன உடம்பு, அதன் அடியில் இருக்கிற இலத்திரன் பலகை சூடாகும், அதுக்கே ஒரு ஹீற்சிங் போடச் சொல்லுவார்கள். ஐரோப்பாவில் 22 பாகை அறையில் அது ஒரு பிரச்சினை இல்லை. எங்கட அறை அது இல்லை. டி5 ஓடுகிற தண்ணியாலேயே தன்னைக் குளிராக்கும். சுழலி ஒரு பீங்கான் உருண்டைக்கு மேல் குந்திக்கொண்டு சுத்துது. தண்டு இல்லை, தண்டைச் சுற்றி சீலும் இல்லை. இதைச் சொன்னபோது ஐயா கொஞ்ச நேரம் யோசிச்சார். "சீல் இல்லாத பம்போ? அப்ப நான் என்னத்தைத் திருத்துறது?" அந்தக் கேள்வியோடதான் நாங்கள் முடிவெடுத்தோம். பம்ப் செத்தால் மற்ற நாளே கடைக்குப் போய் மாற்றுகிற ஊரில் நாங்கள் இல்லை. இரண்டு பாகை கூடினாலும் பரவாயில்லை, சாகாத பம்ப் வேணும். நாலு மீற்றர் எங்கட ஒடுக்கத்துக்குக் காணும் எண்டதும் பிறகு ஓட்டிப் பார்க்கத் தெரிஞ்சுது. ஐந்து வேகத்தில் மூன்றாவதில்தான் விட்டிருக்கிறோம்.

இன்னொண்டு. இந்தப் பம்ப் 12 வோல்ற், கொம்பியூட்டரின் பவர் சப்ளையில் இருந்தே கரண்ட் எடுக்கும். கொம்பியூட்டர் ஓடினால் அது ஓடும், கரண்ட் போனால் இரண்டும் ஒரே யு.பி.எஸ்ஸில். அதிலிருந்து வருகிற வேகம் சொல்லுகிற வயரை மதர்போர்டில் சிபியு விசிறிக்குரிய இடத்தில் குத்தினோம். பம்ப் சுத்தாட்டில் போர்ட் கத்தும், ஓடவிடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை இந்த ஒரு வயர் இருந்திருந்தால் காணும்.

கார்ட்டின் பிளொக்கில் தெரிவு எண்டு ஒண்டும் இல்லை எண்டுதான் சொல்லவேணும். சிப், மெமரி, மின்சாரப் பகுதி எல்லாத்தையும் ஒரே தட்டால் மூடுகிற முழுப் பிளொக் வேணும். அது ஒரு குறிப்பிட்ட பலகை அமைப்புக்குத்தான் பொருந்தும். ஒரே 3080 எண்டு பெயர் இருந்தாலும் ஒவ்வொரு கொம்பனியும் பலகையை வேறுவேறாகச் செய்திருக்கும். பெட்டியில் இருக்கிற பெயரைப் பார்த்து ஓடர் பண்ணினால் போச்சு. நாங்கள் கார்ட்டைக் கழற்றி, பலகையை இரண்டு பக்கமும் படம் எடுத்து, ஒவ்வொரு சிப்பும் திருகாணி ஓட்டையும் எங்கே இருக்குதெண்டு பிளொக் விற்கிறவரின் படத்தோட ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்கினோம். சிபியு பிளொக்கில் கொஞ்சம் தெரிவு இருந்தது. மேல் மூடி கறுப்பு அசெற்றலா, கண்ணாடி மாதிரி அக்கிரிலிக்கா? அக்கிரிலிக் வெடிக்கக்கூடியது, பிட்டிங்கை இறுக்கினாலும் வெடிக்கும், ஸ்பிரிற்றால் துடைச்சாலும் வெடிக்கும். இருந்தும் அக்கிரிலிக் எடுத்தோம். லைற் அடிச்சு அழகு பார்க்க இல்லை, வடியில் என்ன நிக்குது எண்டு திறக்காமல் பார்க்க. றேடியேற்றர் இந்த முறை இரண்டும் செம்பும் பித்தளையும், அலுமினியம் எண்டு ஒரு திருகாணிகூடத் தண்ணியைத் தொடாது. நூறு வாட்டுக்கு ஒரு 120 மில்லிமீற்றர் விசிறி எண்ட கைக்கணக்கில் 360 ஒண்டு, 240 ஒண்டு.

பிளொக்கைக் கொண்டுவந்தது நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஒரு மாமி. சொக்லேற்றுக்கும் பாதாம் பருப்புக்கும் நடுவில், ஒரு துவாயால் சுத்தி. "என்னடி இது, இவ்வளவு பாரம், நகையோ?" எண்டு கேட்டா. நகைதான் மாமி.

தண்ணிக்கு இந்த முறை பற்றறிக் கடை. கார் பற்றறிக்கு விடுகிற, உப்பு அகற்றின தண்ணி போத்தலில் விற்கும். அசிட் போத்தலும் பக்கத்திலதான் இருக்கும், லேபலை இரண்டுதரம் வாசியுங்கோ. அதோட பாசி பிடிக்காமல் இருக்கக் கொஞ்ச மருந்து. நிறம் ஒண்டும் போடேல்லை. கலர் பிறகு வடிக்குள் வந்து நிக்கும்.

நிரப்புகிற அண்டைக்கு ஐயாவையும் கூப்பிட்டோம். படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். பவர் சப்ளையைக் கொம்பியூட்டரில் இருந்து பிரிச்சு, பம்புக்கு மட்டும் கரண்ட் குடுத்தோம். டி5 தண்ணியைத் தானாக உறிஞ்சாது, காய ஓடவிட்டால் பீங்கான் உருண்டை தேய்ஞ்சு போகும். டாங்கி பம்புக்கு மேலே இருக்கவேணும், முதலில் தண்ணி, பிறகுதான் ஓட்டம். கிணத்து மோட்டருக்குத் தண்ணி விட்டு ஓட்டிப் பழகின ஊரில் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு செக்கன் ஓட்டுறது, நிப்பாட்டுறது, தண்ணி விடுறது. "காத்துப் பிடிச்சிருக்கு, பெட்டியைச் சரி" எண்டார் ஐயா. நாலு பேரும் பெட்டியைத் தூக்கி, குழந்தைக்கு ஏவறை எடுக்கிறமாதிரி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சரிச்சோம். முட்டை முட்டையாகக் காத்து வந்தது. பிறகு சத்தம் நிண்டிட்டுது. ஐயா சட்டைப் பையில் இருந்து ஒரு ஸ்குறூ டிரைவரை எடுத்து, நுனியைப் பம்பில் வைச்சுப் பிடியைக் காதுக்குள் வைச்சார். பேரிங் சத்தம் கேக்கிற வழமையான வேலை.

"ஓடுதோ?"

டாங்கியில் சுழி போட்டுக்கொண்டு இருந்த தண்ணியைக் காட்டினோம்.

அப்பிடியே 24 மணித்தியாலம், ஒவ்வொரு பிட்டிங்குக்குக் கீழேயும் ரிசு, ஒருத்தர் மாறி ஒருத்தர் காவல். ஒரு ரிசுவும் நனையேல்லை.

இப்ப அறை 33 பாகை எண்டால் தண்ணி 44, கார்ட் 56, மெமரி 74. பகல் இரண்டு மணிக்கும் பிரேம் நாலு நிமிடம்தான். ஆனால் வெக்கை எங்கேயும் போகேல்லை. தண்ணி அறையை விடக் குளிராகப் போகாது, 460 வாட்டும் சுத்திச் சுத்தி எங்கட அறைக்குள்தான் வந்து விழுது. முந்திக் கார்ட் வெந்தது, இப்ப நாங்கள். யன்னல் பக்கம் ஒரு விசிறி பூட்டியிருக்கிறோம். ஏ.சி. அறையில் இருக்கிற ஆக்கள் ஒரு நல்ல காத்து ஹீற்சிங்கை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கலாம், சிபியு மட்டும் சூடு எண்டால் பம்பும் பிளொக்கும் ஒண்டாப் பூட்டி அடைச்சு வருகிறதே காணும்.

போனவன் செப்ரெம்பரில் போயிட்டான். சாமத்தியவீட்டு வீடியோக் காசில் அவன்ர பங்கில் பாதி குடுத்தோம். மிச்சம் குடுக்கேல்லை. கார்ட்டின் பழைய ஹீற்சிங்கை எல்லாத் திருகாணியோடயும் ஒரு பெட்டியில் போட்டு, அவன்ர பெயரை எழுதி அலுமாரிக்கு மேலே வைச்சிருக்கிறோம். தேவைப்பட்டால் கார்ட்டைத் திருப்பிப் பழையபடி பூட்டி வித்துக் காசை அனுப்புகிறதெண்டு கதை. அவன் காசைப் பற்றிக் கேட்கிறதில்லை. வட்ஸ்அப்பில் எடுத்தால் முதல் கேள்வி, "தண்ணி எத்தினை பாகை?" அங்க அறையில் ஹீற்றர் போடக் காசு கூடவாம். சும்மா கிடக்கிற 460 வாட்டை இஞ்ச அனுப்புங்கோடா எண்டு பகிடி விடுவான்.

நேற்று ரோர்ச் அடிச்சுப் பிளொக்குக்குள் பார்த்தோம். தகடுகளின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு வெள்ளைப் பொட்டு. படிவோ, காத்து முட்டையோ தெரியேல்லை. அவனுக்குப் படம் எடுத்து அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை தண்ணியை இறக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறான், கோல் எடுக்காமல் திறக்கக்கூடாதாம்.